20 ஆண்டுக் கடலை மூன்று மாதத்தில் அடக்குவது எப்படி? ஓத டர்பைன் இறக்கைகளின் ஆயுள் சோதனை

கடல் மட்டம் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை இறங்குகிறது. இதுதான் ஓதம். அப்படி ஏறி இறங்க, நீர் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஓடியாக வேண்டும். இரண்டு தீவுகளுக்கு நடுவே வழி குறுகலாக இருந்தால் அந்த ஓட்டம் கடும் வேகமெடுக்கும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில் ஃபால் ஆஃப் வார்னஸ் என்றொரு கடல்வழி இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் அங்கே நீர் நொடிக்கு ஏறக்குறைய 4 மீட்டர் வேகத்தில் ஓடும். ஐரோப்பியக் கடல் ஆற்றல் மையத்தின் சோதனைக் களம் அது. நீரோட்டத்தில் சுழன்று மின்சாரம் தரும், 2 மெகாவாட் திறனுள்ள ஆர்பிட்டல் ஓ2 டர்பைன் 2021 முதல் அங்கேதான் மிதக்கிறது. தெற்கே பென்ட்லண்ட் நீரிணையில் மேஜென் திட்டத்தின் நான்கு டர்பைன்கள் கடல் தரையில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் 1.5 மெகாவாட், இறக்கைகள் பொருத்திய சுழலியின் விட்டம் 18 மீட்டர்.

இந்த டர்பைன்களின் இறக்கைகள் பெரும்பாலும் கண்ணாடி இழையையோ கார்பன் இழையையோ எபாக்ஸி போன்ற பிசினில் பதித்துச் செய்த காம்போசிட் இறக்கைகள். இவற்றைக் கடலில் இறக்கிவிட்டால் அடிக்கடி போய்ப் பார்க்க முடியாது. ஓட்டம் திசை மாறும்போது நீர் சற்றே அசையாமல் நிற்கும். வேலை செய்யக் கிடைப்பது அந்தக் குறுகிய இடைவெளி மட்டும்தான். அதற்கும் தனிக் கப்பல் வர வேண்டும், வானிலையும் இடம்கொடுக்க வேண்டும். அதனால் 20, 25 ஆண்டுகள் தாங்கும் என்பதைக் கரையில் இருக்கும்போதே காட்டிவிட வேண்டும். அந்தச் சோதனை எப்படி நடக்கிறது, எந்த இடத்தில் அது ஏமாற்றும் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

இறக்கைமேல் விழும் சுமை எவ்வளவு?

கடல்நீரின் அடர்த்தி ஒரு கனமீட்டருக்கு 1025 கிலோ. காற்றின் அடர்த்தி சுமார் 1.2 கிலோ. அதாவது நீர் 800 மடங்குக்கும் மேல் கனமானது. ஓட்டத்தின் வேகம் குறைவு என்பதால் காற்றாலையோடு ஒப்பிட்டால் சுமை 800 மடங்காகிவிடாது. ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தால் திகைப்பாகத்தான் இருக்கும்.

சுழலியைப் பின்னுக்குத் தள்ளும் விசையைக் கணக்கிட அடர்த்தியில் பாதியை எடுத்து, சுழலி வீசும் வட்டத்தின் பரப்பாலும், வேகத்தின் வர்க்கத்தாலும், சுழலி ஓட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் தள்ளுவிசைக் குணகத்தாலும் பெருக்க வேண்டும். 18 மீட்டர் விட்டம் என்றால் பரப்பு 254 சதுர மீட்டர். வேகம் நொடிக்கு 3 மீட்டர், குணகம் 0.8 என்று வைத்தால் விடை ஏறக்குறைய 940 கிலோநியூட்டன். அதாவது 96 டன் எடைக்குச் சமம். மூன்று இறக்கைகள் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றின்மீதும் 32 டன். அதே விட்டமுள்ள காற்றாலை நொடிக்கு 12 மீட்டர் காற்றில் சுழன்றால் மொத்தத் தள்ளுவிசையே 2 டன்னுக்குள்தான்.

ஒன்பது மீட்டர் நீளமுள்ள ஒரு பொருளை ஒரு முனையில் மட்டும் பிடித்துக்கொண்டு அதன்மேல் 32 டன்னைப் பரப்பி வைத்தால் முழு வளைவும் அடிப்பகுதிக்கு வந்து சேரும். ஓத டர்பைனின் இறக்கை குட்டையாகவும் தடிமனாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம். அடிப்பகுதியில் இழை அடுக்குகளின் மொத்தத் தடிமன் பல சென்டிமீட்டர் வரை போகும். காற்றாலையில் இறக்கையின் சொந்த எடையே ஒவ்வொரு சுற்றிலும் விளிம்புவாக்கில் அதை இழுத்து வளைக்கும். நீருக்குள் மிதப்பு விசை அந்த எடையில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்வதால், இங்கே கவலையெல்லாம் நீரோட்டத் திசையில் ஏற்படும் வளைவைப் பற்றியது.

இந்தச் சுமை நிலையாக இருந்தாலாவது பரவாயில்லை. கடல் தரைக்கு அருகே ஓட்டம் மெதுவாகவும் மேலே வேகமாகவும் இருக்கும். தரையிலிருந்து 6 மீட்டர் உயரத்துக்கும் 24 மீட்டர் உயரத்துக்கும் நடுவே வேகம் சுமார் 20 விழுக்காடு மாறும் என்பது, வேகம் உயரத்தின் 1/7 அடுக்கில் ஏறும் என்ற வழக்கமான விதிப்படி வரும் கணக்கு. ஆக, ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை ஒருமுறை கூடுதலாக வளைந்து நிமிர்கிறது. இதற்குமேல் நீர்ச்சுழல்கள், மேற்பரப்பு அலைகள், தாங்கு தூணின் மறைப்பு எல்லாம் சேரும். நிமிடத்துக்கு 12 சுற்று, ஆண்டில் 70 விழுக்காடு நேரம் ஓட்டம் என்று வைத்தால் ஆண்டுக்கு 44 லட்சம் சுற்றுகள். 20 ஆண்டில் ஏறக்குறைய 9 கோடி. கணக்கு எளிதாக இருக்க 10 கோடி என்றே வைத்துக்கொள்வோம்.

காம்போசிட் எப்படி அயர்கிறது?

ஒரே தடவையில் உடைக்கப் போதாத சுமையும் திரும்பத் திரும்ப விழுந்தால் பொருளை உடைத்துவிடும். இதை அயர்வு என்கிறோம். உலோகத்தில் பொதுவாக ஒரு விரிசல் தோன்றி, வளர்ந்து, உடைக்கும். காம்போசிட்டில் அப்படி நடப்பதில்லை. முதலில், இழைகள் குறுக்காகப் போகும் அடுக்குகளில் பிசினுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் ஆயிரக்கணக்கில் தோன்றும். அவை அடுக்குகளின் எல்லையை எட்டியதும் பக்கவாட்டில் திரும்பி, ஒரு அடுக்கை இன்னொன்றிலிருந்து பிரிக்கத் தொடங்கும். சுமையைத் தாங்கும் நெடுக்கு இழைகள் கடைசியில்தான் அறும்.

இந்த வரிசை சோதனை செய்பவருக்கு உதவியாக இருக்கிறது. இறக்கையின் விறைப்பு, அதாவது வளைய மறுக்கும் தன்மை, ஆரம்பத்தில் சற்று வேகமாகக் குறையும், பிறகு நெடுநேரம் மிக மெதுவாகச் சரியும், முடிவு நெருங்கும்போது சட்டென்று விழும். ஆகவே விறைப்பை இடைவிடாமல் அளந்துகொண்டிருந்தால் உள்ளே நடப்பது பெருமளவு தெரிந்துவிடும்.

பெரும்பாலும் சிக்கல் வரும் இடங்கள் நான்கு. இறக்கையின் இரண்டு தோல்களும் ஒட்டப்பட்டிருக்கும் பின் விளிம்பு. உள்ளே நெடுக்காக ஓடும் சுவர் தோலோடு ஒட்டும் பசைக்கோடு. தடிமன் குறைந்துகொண்டே வரும்போது ஒவ்வொரு அடுக்காக முடியும் இடங்கள். கடைசியாக, போல்ட்டுகள் பதிந்திருக்கும் அடிப்பகுதி. இதில் பசைக்கோடுதான் அதிகம் ஏமாற்றும். உள்ளே ஒரு வெற்றிடம் இருந்தாலும் வெளியில் ஒன்றும் தெரியாது.

தயாரிப்பிலேயே வரும் குறைகளும் உண்டு. தடித்த எபாக்ஸி அடுக்கு இறுகும்போது வேதிவினையால் தானே சூடாகும். நடுவில் சூடு தேங்கினால் பிசின் கருகலாம், சீரற்றுச் சுருங்கி இழைகளை மடிக்கவும் செய்யலாம். அயர்லாந்தில் ஏயர்காம்போசிட்ஸ் நிறுவனமும் கால்வே பல்கலைக்கழகமும் இணைந்து செய்த இறக்கைகளில் தூள் வடிவ எபாக்ஸியைப் பயன்படுத்தியதற்கு முக்கியக் காரணம் இந்தச் சூடு குறைவாக இருப்பதுதான். அடுக்கு மடிந்த இடத்தில் இழை நேராக இல்லாததால், அமுக்கம் வரும்போது அங்கேதான் முதலில் சரியும்.

சிறு பட்டையிலிருந்து முழு இறக்கை வரை

எடுத்த எடுப்பில் முழு இறக்கையை யாரும் சோதிப்பதில்லை. முதலில் 250 மில்லிமீட்டர் நீளம், 15 முதல் 25 மில்லிமீட்டர் அகலமுள்ள பட்டைகளை வெட்டி, நூற்றுக்கணக்கில் இழுத்தும் அமுக்கியும் அயர்வுக்கு உட்படுத்தியும் பார்ப்பார்கள். அடுத்து பசை மூட்டு, போல்ட் பதிந்த அடிப்பகுதித் துண்டு போன்ற பாகங்கள் தனித்தனியே சோதனைக்கு வரும். அதன் பிறகுதான் முழு இறக்கை. முழு இறக்கை ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும். ஒரே ஒரு மாதிரியை வைத்துப் புள்ளியியல் பேச முடியாது. ஆகவே பொருளின் குணம் பட்டைகளிலிருந்து வருகிறது. வடிவமைப்பும் தயாரிப்பும் ஒன்றாகக் கூடும்போது எதிர்பாராத எதுவும் நடக்கவில்லை என்பதை முழு இறக்கைச் சோதனை காட்டுகிறது.

முழு இறக்கைச் சோதனைக்குச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் (ஐஇசி) காற்றாலைகளுக்காக எழுதிய ஐஇசி 61400-23 தரநிலையே அடிப்படை. கடல் டர்பைன்களின் சுமை அளவீட்டுக்கும் இறக்கைச் சோதனைக்கும் ஐஇசி 62600-3 இருக்கிறது. சோதனையின் ஒழுங்கு இப்படிப் போகும்.

முதலில் இறக்கையை எடைபோட்டு, எடைமையத்தைக் குறித்து, வடிவத்தை அளந்து, மீயொலியால் அடுக்குகளையும் பசைக்கோடுகளையும் சோதித்துப் படம் எடுத்து வைக்க வேண்டும். பின்னால் ஒரு பிரிவு தெரியும்போது, அது சோதனையில் வந்ததா, தொழிற்சாலையிலிருந்தே இருந்ததா என்ற கேள்விக்கு விடைசொல்ல இந்த முதல் பதிவு மட்டும்தான் இருக்கும்.

அடுத்து இறக்கையை எஃகுச் சட்டத்தில் பொருத்துவது. ஸ்காட்லாந்தின் ரொசைத் நகரில் எடின்பரோ பல்கலைக்கழகமும் பாப்காக் நிறுவனமும் சேர்ந்து 2022-ல் திறந்த ஃபாஸ்ட்பிளேடு கூடத்தில் இந்தச் சட்டத்தின் எடை மட்டும் 75 டன். சட்டம் வளைந்தால் இறக்கை வளைந்ததாகத் தப்புக்கணக்கு வந்துவிடும். எனவே சட்டத்தின் அசைவையும் தனியே அளந்து கழிக்க வேண்டும். அடிப்பகுதி போல்ட்டுகளை வெறுமனே முறுக்கு அளவை வைத்து இறுக்குவது போதாது. உராய்வைப் பொறுத்து ஒரே முறுக்கில் வேறுவேறு இழுவிசை வரும். போல்ட்டை ஹைட்ராலிக் கருவியால் இழுத்து நீட்டி நட்டை இருத்துவதும், போல்ட்டின் நீட்சியை மீயொலியால் சரிபார்ப்பதும் நம்பகமான வழி.

பிறகு உணரிகள். திரிபை அளக்கும் ஸ்ட்ரெயின் கேஜ்களை அடிப்பகுதியிலும், தடிமன் மாறும் இடங்களிலும், உள்சுவரிலும் ஒட்டுவார்கள். ஒரு மீட்டர் நீளம் 3 மில்லிமீட்டர் நீண்டால் அது 3000 மைக்ரோஸ்ட்ரெயின். நெடுக்கு இழைக் கண்ணாடிக் காம்போசிட் ஏறக்குறைய 2 விழுக்காடு, அதாவது 20,000 மைக்ரோஸ்ட்ரெயின் அளவில்தான் அறும். என்றாலும் அயர்வை நினைத்து வடிவமைப்பாளர்கள் அதில் சிறு பங்குக்கே அனுமதி தருவார்கள். இங்கே ஒரு நடைமுறைச் சங்கடம்: உலோகத் தகட்டால் ஆன கேஜும் அயரும். லட்சக்கணக்கான சுழற்சிக்குப் பிறகு இறக்கை நன்றாக இருக்கும், கேஜ் அறுந்து அளவு தாறுமாறாகும். முக்கியமான இடங்களில் இரண்டு கேஜ்கள் ஒட்டுவதும், ஒளியிழை உணரிகளைக் கூடவே பதிப்பதும் இதற்காகத்தான். ஒளியிழையும் கண்ணாடியே என்பதால் அது இறக்கையோடு சேர்ந்து நெடுங்காலம் தாக்குப்பிடிக்கும்.

இதையெல்லாம் முடித்ததும் சுத்தியலால் மெல்லத் தட்டி இயல்பு அதிர்வெண்ணையும், அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்ற தணிவையும் பதிவுசெய்வார்கள். அதன்பின் நிலைச்சுமை, அதாவது ஆட்டாமல் ஒரே திசையில் ஏற்றும் சுமை: திட்டமிட்ட உச்சத்தில் 40, 60, 80, 100 விழுக்காடு என்று படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, திரிபு சுமைக்கு நேர்விகிதத்தில் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். கோடு வளைந்தால் உள்ளே ஏதோ பிரிகிறது அல்லது பொருத்திய இடம் நழுவுகிறது. இதற்குப் பிறகுதான் அயர்வுச் சோதனை தொடங்கும். அது முடிந்ததும் அதே நிலைச்சுமையை இன்னொரு முறை ஏற்றுவார்கள். 20 ஆண்டு உழைத்த இறக்கை கடைசி நாளிலும் ஒரு பெரும்புயலைத் தாங்குமா என்பதை அந்த இரண்டாவது நிலைச்சுமைதான் சொல்லும்.

சேணத்தில் கவனம் வேண்டும்

கடலில் நீர் இறக்கை முழுவதையும் தள்ளுகிறது. ஆய்வுக்கூடத்தில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் இரண்டு அல்லது மூன்று ஹைட்ராலிக் தண்டுகள்தான் தள்ளும். ஒவ்வொரு தண்டும் இறக்கையைச் சுற்றிப் பிடித்திருக்கும் ஒரு சேணத்தின் வழியாகச் சுமையைக் கொடுக்கும். இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத்துக்கு அப்படியே பொருந்தும்படி அடுக்குப்பலகையை வெட்டி, உள்ளே ரப்பர் பதித்து, வெளியே எஃகுச் சட்டத்தால் கட்டிய பிடி அது. பார்க்கச் சாதாரணமாக இருக்கும். பல சோதனைகள் பாதியில் நிற்பது இதனால்தான்.

ரப்பர் தேய்ந்தால் பலகையின் விளிம்பு தோலில் நேராக உராய்ந்து வெள்ளைக் கோடு போடும். அந்த வெண்மை பிசினில் விரிசல் தொடங்கியதன் அறிகுறி, ஆனால் அது கடல் தரும் சேதம் அல்ல, சேணம் தந்த சேதம். இறக்கை வளையும்போது அதன் மேற்பரப்பு சாய்கிறது. தண்டின் இரு முனைகளிலும் எல்லாப் பக்கமும் திரும்பும் மூட்டு இல்லாவிட்டால் தேவையற்ற பக்கவாட்டு விசை உள்ளே போகும். சேணத்தின் நடுக்கோடு இறக்கையின் முறுக்கு மையத்திலிருந்து விலகினால், வளைப்பதாக நினைத்து முறுக்கவும் செய்வோம். இன்னொன்று, சேணம் இருக்கும் இடத்தில் தோல் நசுங்காமல் அது தாங்கிப் பிடிக்கிறது. கடலில் அந்தத் தாங்கல் கிடையாது. ஆகவே சேணத்துக்கு அடியிலும் இரு பக்கமும் சற்றுத் தூரத்துக்கும் இறக்கை சோதிக்கப்படவில்லை என்றே கொள்ள வேண்டும். வடிவமைப்பில் எந்த இடம் அதிகம் கவலை தருகிறதோ அந்த இடத்தைத் தவிர்த்துச் சேணங்களை வைப்பது, சோதனைத் திட்டத்தில் முதல் நாளே எடுக்க வேண்டிய முடிவு.

வேகப்படுத்தினால் என்ன விலை?

10 கோடி சுழற்சியை நொடிக்கு ஒன்று வீதம் கொடுத்தால் 1157 நாள், மூன்று ஆண்டுக்கும் மேல். அவ்வளவு காலம் எந்தக் கூடமும் காத்திருக்காது. குறைக்க இரண்டு வழிகள்தான்: அடிக்கடி வளைப்பது, இல்லையென்றால் பலமாக வளைப்பது.

நீண்ட காற்றாலை இறக்கைகளை ஒத்ததிர்வில் ஆட்டுகிறார்கள். 60, 70 மீட்டர் இறக்கையின் இயல்பு அதிர்வெண் ஒரு ஹெர்ட்ஸுக்கும் (நொடிக்கு ஒரு ஆட்டம்) குறைவு. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோலச் சிறு விசை போதும். ஓத டர்பைன் இறக்கை குட்டை, விறைப்பு அதிகம். அதன் இயல்பு அதிர்வெண் பத்து ஹெர்ட்ஸை ஒட்டியோ அதற்கு மேலோ போய்விடும். அந்த வேகத்தில் வளைத்தால் பிசினின் உள் உராய்வு வெப்பமாகும். காம்போசிட் வெப்பத்தைக் கடத்துவதில் மோசம், அடுக்கோ தடிமன், சூடு வெளியே போக வழியில்லை. பிசின் சூடேறி மெலியும், கடலில் ஒருபோதும் நடக்காத விதத்தில் இறக்கை உடையும். ஆகவே ஒரு ஹெர்ட்ஸை ஒட்டிய வேகத்தில், ஹைட்ராலிக் தண்டுகளால் நேரடியாகத் தள்ளி இழுப்பதைத் தவிர வேறு வழியில்லை. மேற்பரப்பில் வெப்ப உணரி வைத்து, சில டிகிரிக்கு மேல் ஏறினால் வேகத்தைக் குறைப்பார்கள்.

இதற்கு ஆகும் மின்சாரச் செலவு லேசுப்பட்டதல்ல. 300 கிலோநியூட்டன் விசையில் இறக்கை 100 மில்லிமீட்டர் வளைந்தால் அதில் தேங்கும் ஆற்றல் 15 கிலோஜூல். இறக்கை ஒரு வில்லாக அந்த ஆற்றலைத் திருப்பித் தருகிறது. வழக்கமான ஹைட்ராலிக் அமைப்பு அதை வால்வுகளில் வெப்பமாக்கி வீணடிக்கும், அந்த எண்ணெயைக் குளிர்விக்க இன்னும் மின்சாரம் போகும். ஃபாஸ்ட்பிளேடின் சிறப்பு இந்த இடத்தில்தான். அங்கே டான்ஃபாஸ் நிறுவனத்தின் டிஜிட்டல் டிஸ்பிளேஸ்மென்ட் பம்புகள் இறக்கை நிமிரும்போது எண்ணெயிலிருந்து ஆற்றலைத் திரும்ப வாங்கி அடுத்த வளைவுக்குக் கொடுக்கின்றன. 20 ஆண்டுச் சுமையை மூன்று மாதத்துக்குள் கொடுக்க முடியும் என்று அந்தக் கூடம் சொல்வது இதனால்தான். அங்கே முதலில் சோதனைக்கு வந்தது 5.25 மீட்டர் நீளமுள்ள ஓர் ஓத டர்பைன் இறக்கை.

அடுத்தது சுமையைக் கூட்டுவது. சுமைக்கும் தாங்கும் சுழற்சிகளுக்கும் உள்ள உறவை மடக்கைத் தாளில் வரைந்தால் ஏறக்குறைய நேர்கோடு வரும். கண்ணாடி இழைக் காம்போசிட்டுக்கு அந்தக் கோட்டின் சாய்வெண் சுமார் 10. அதாவது சுமையைச் சிறிது கூட்டினால் ஆயுள் அந்தக் கூட்டலின் பத்தாம் அடுக்கில் குறையும். 10 கோடியை 10 லட்சமாகச் சுருக்க வேண்டுமானால் 100-இன் பத்தாம் மூலம் எடுக்க வேண்டும்: 1.585. சுமையை 58.5 விழுக்காடு கூட்டினால் போதும், நொடிக்கு ஒன்று வீதம் 12 நாளில் 20 ஆண்டு முடிந்துவிடும்!

இந்தக் கணக்கை முழுதாக நம்பிவிடக் கூடாது. சாய்வெண் 10 இல்லை, 9 என்றால் அதே 10 லட்சம் சுழற்சி 10 கோடிக்குச் சமமாகாது, 6.3 கோடிக்குத்தான் சமம். ஒரே ஒரு எண் மாறியதில் ஆயுளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. பட்டைச் சோதனைகளை நூற்றுக்கணக்கில் செய்வதன் பயன் இங்கே புரியும்.

இதைவிடப் பெரிய பொறி, இறக்கையின் எல்லாப் பாகங்களுக்கும் சாய்வெண் ஒன்றாக இல்லாதது. அடிப்பகுதியின் எஃகு போல்ட்டுக்கு அது 4 என்று வைத்துக்கொண்டால், 1.585 மடங்கு சுமை அதற்கு வெறும் 6.3 மடங்கு வேகம்தான் தரும். இழை அடுக்குக்கு 20 ஆண்டு முடிந்திருக்கும்போது போல்ட்டுக்கு ஒன்றரை ஆண்டுகூட ஆகியிருக்காது. போல்ட்டையும் முழுதாகச் சோதிக்கும் அளவுக்குச் சுமையைக் கூட்டினால் இழை அடுக்கு நியாயமே இல்லாமல் உடைந்துபோகும். அதனால்தான் அடிப்பகுதி மூட்டைத் தனித் துண்டாக வெட்டித் தனிச் சோதனைக்கு உட்படுத்துகிறார்கள். முழு இறக்கை தேறியது என்ற ஒரே காரணத்தால் போல்ட்டும் தேறியது என்று எழுதும் அறிக்கையை நான் ஏற்க மாட்டேன்.

சுமைக்கும் ஒரு மேல்வரம்பு உண்டு. கூட்டிய சுமை நிலைவலிமையை நெருங்கினால் உடையும் விதமே மாறிவிடும். கோடிக்கணக்கான சிறு வளைவுகளால் அடுக்கு பிரிவது ஒன்று, சில நூறு பெரும் வளைவுகளால் தோல் நெளிந்து மடிவது வேறொன்று.

நீர் மட்டும் அவசரப்படாது

சுமையை வேகப்படுத்தலாம், நீர் ஊறுவதை அப்படிச் செய்ய முடியாது. எபாக்ஸி தன் எடையில் ஒன்று முதல் சில விழுக்காடு வரை நீரை உறிஞ்சும். அந்த நீர் பிசினை மென்மையாக்கும், அது இளகத் தொடங்கும் வெப்பநிலையைக் கீழே இறக்கும், இழைக்கும் பிசினுக்கும் இடையிலான பிடிப்பைத் தளர்த்தும், நெடுநாளில் கண்ணாடி இழையின் மேற்பரப்பையே அரிக்கும்.

ஊறுவதற்கு ஆகும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. குளிர்ந்த நீரில் 3 மில்லிமீட்டர் பட்டை ஊறி நிறைய ஏழு மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பொருளில் 50 மில்லிமீட்டர் அடுக்குக்கு 150 ஆண்டுக்கு மேல் ஆகும். அதாவது இறக்கையின் தடித்த அடிப்பகுதி அதன் ஆயுள் முழுவதும் வெளியே ஈரமாகவும் உள்ளே உலர்ந்தும்தான் இருக்கும். மெல்லிய பின் விளிம்போ முதல் சில ஆண்டுகளிலேயே முழுக்க ஊறிவிடும். பின் விளிம்பில் பசைக்கோடும் இருப்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

முழு இறக்கையை ஊறவைத்துச் சோதிப்பது நடைமுறையில் சரிவராது. ஆகவே பட்டைகளை 40, 50 டிகிரி வெதுவெதுப்பான கடல்நீரில் ஊறவைத்து, எடை ஏறுவது நின்ற பிறகு உடைத்துப் பார்த்து, உலர்ந்த பட்டையோடு ஒப்பிடுவார்கள். ஊறிய பட்டையின் வலிமை உலர்ந்ததில் 85 விழுக்காடு என்று வந்தால், உலர்ந்த முழு இறக்கைக்குக் கொடுக்கும் சுமையை 0.85 ஆல் வகுத்து, 18 விழுக்காடு கூட்டிக் கொடுப்பது வழக்கமான தீர்வு.

பட்டையை ஊறவைப்பதிலும் தவறுகள் நேரும். வெட்டிய விளிம்பில் இழைகளின் முனை திறந்திருப்பதால் நீர் அவற்றின் வழியே விரைந்து உள்ளே ஏறும். விளிம்பைப் பிசின் பூசி மூடாவிட்டால் அளவு பிழைக்கும். கடல்நீருக்குப் பதில் வடிநீரைப் பயன்படுத்தினால் உப்பில்லாததால் கூடுதலாக ஊறும். சூட்டை மேலும் கூட்டினால் நேரம் மிச்சமாகும், ஆனால் ஆர்க்னியின் குளிர்நீரில் நடக்காத வேதிச்சிதைவு நடந்துவிடும். எடை வரைபடம் ஏறி, சமமாகி, பிறகு இறங்கத் தொடங்கினால் பிசினிலிருந்து ஏதோ கரைந்து வெளியேறுகிறது என்று பொருள். அந்தப் பிசினை மறுபடி யோசிக்க வேண்டும்.

கார்பன் இழை இருக்கும் இறக்கையில் இன்னொரு கவலை. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். கடல்நீரில் அது உலோகத்தைத் தொட்டால் ஒரு மின்கலம்போல ஆகி உலோகத்தை வேகமாக அரிக்கும். அதற்காக நடுவே கண்ணாடி இழை அடுக்கு ஒன்றைத் தடுப்பாக வைப்பார்கள். அந்தத் தடுப்பு எங்கும் அறுபடாமல் இருக்கிறதா என்பதை ஒரு மின்தடைமானியாலேயே சரிபார்த்துவிடலாம்.

எப்போது தோற்றது என்று சொல்வது?

தோல்வியைத் தரநிலை மூன்றாகப் பிரிக்கிறது. இறக்கை உடைந்து பிரிவது முதல் வகை. விறைப்பு திரும்பி வராதபடி கணிசமாகக் குறைவது அல்லது நிரந்தரமாக வளைந்து போவது இரண்டாவது வகை. மேற்பூச்சு விரிசல்போல வேலையைப் பாதிக்காத சேதம் மூன்றாவது. சண்டையெல்லாம் இரண்டாவதில்தான் வரும். விறைப்பு 4 விழுக்காடு குறைந்ததாகக் கருவி காட்டினால், அதில் எவ்வளவு இறக்கையினுடையது, எவ்வளவு தளர்ந்த போல்ட்டினுடையது, எவ்வளவு தேய்ந்த ரப்பரினுடையது, எவ்வளவு அறையின் வெப்பநிலை மாறியதால் வந்தது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட இடைவெளியில் நிறுத்தி, போல்ட்டை மறுபடி சரிபார்த்து, அதே வெப்பநிலையில் அதே நிலைச்சுமையைக் கொடுத்து ஒப்பிட்டால்தான் அது முடியும்.

சுமைக் கணிப்பே தவறாக இருந்தால் இத்தனை கவனத்துக்கும் பயனில்லை. 2009-ல் கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் இறக்கிய 1 மெகாவாட் ஓப்பன்ஹைட்ரோ டர்பைன் தன் எல்லா இறக்கைகளையும் சில வாரங்களிலேயே இழந்தது. வடிவமைப்பில் எதிர்பார்த்ததைவிட அங்கே ஓட்டம் மிகப் பலமாக இருந்தது. களத்தில் மாதக்கணக்கில் ஓட்டத்தை அளந்து, அந்த அளவுகளிலிருந்து சோதனைச் சுமையை வகுப்பது இப்போது தவிர்க்க முடியாத முதல் வேலை.

ஆகவே ஓர் இறக்கை 10 லட்சம் சுழற்சி தாங்கியது என்று எங்காவது படித்தால், அந்த எண்ணோடு நிற்காமல் அறிக்கையில் இவற்றைத் தேடுங்கள்: எந்த இடத்தில் அளந்த ஓட்டத்திலிருந்து சுமை வந்தது, எத்தனை மடங்கு கூட்டினார்கள், அதற்கு எடுத்துக்கொண்ட சாய்வெண் எத்தனை, ஒவ்வொரு சுழற்சியிலும் குறைந்தபட்சச் சுமைக்கும் உச்சத்துக்கும் என்ன விகிதம், இறக்கையின் வெப்பநிலை எவ்வளவு ஏறியது, நீர் ஊறியதற்கான கூட்டல் சேர்த்ததா, சேணங்கள் எங்கே இருந்தன, அடிப்பகுதி மூட்டுக்குத் தனிச் சோதனை நடந்ததா, அயர்வுக்குப் பிறகு நிலைச்சுமை மறுபடி ஏற்றப்பட்டதா. சோதனை முடிந்த இறக்கையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தார்களா என்பதையும் கேளுங்கள். பின் விளிம்பிலிருந்தும் பசைக்கோட்டிலிருந்தும் எடுத்த வெட்டுத் துண்டுகளின் படங்கள் இருக்கும் அறிக்கை, வரைபடங்கள் மட்டும் நிறைந்த அறிக்கையைவிட அதிகம் சொல்லும்.